அமாவாசையன்று படகில்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டே படிதான். படி குறைவான வீடு என்று பார்த்துத்தான் மைசூர் விஜயநகரில் அந்த இடத்துக்குக் குடி மாறினோம். சக்கர நாற்காலி இறங்க வசதியாக, மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிப் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவும் போட்டு வாங்கினேன். சிமெண்டு காய்ந்து, பாசி பிடித்து, யார் வீட்டுப் பூனையோ வந்து வெயில் காய்கிற இடமாக அது ஆனதுதான் மிச்சம். ஒரே ஒரு நாளைத் தவிர என் கணவர் அதில் இறங்கவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால்கூட, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா என்பார்.

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கல்யாணமான மூன்றாவது வருடம், ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, விளக்கில்லாமல் போய்க்கொண்டிருந்த கரும்பு வண்டியின் பின்னால் மோதிவிட்டார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. சிறுநீருக்கு ஒரு குழாயும் பையும் நிரந்தரமாக வந்து சேர்ந்தன. எங்களுக்குக் குழந்தை இல்லை. பாங்கில் கிளார்க்காக இருந்த என் சம்பளமும், மகனைப் பார்த்துக்கொள்ள ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடேயே தங்கிவிட்ட மாமியாரின் கைகளும்தான் அந்த வீட்டை ஓட்டின.

தொழிற்சாலைக்காரர்கள் அவரைக் கைவிட்டுவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது, வாசலுக்கே வேன் வரும், ஏற்றி இறக்க ஆள் உண்டு என்று அவருடைய சூப்பர்வைசர் நேரில் வந்து சொன்னார். எந்த மெஷினுக்கு எந்த பெல்ட், எந்த போல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் என் கணவர். அவரைவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் கிடையாது. உகாதி வரைக்கும் யாரையும் போடாமல் வைத்திருக்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார். அவருடைய ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் கணவர் வாயைத் திறந்தார்.

"என்னைத் தூக்கி வேன்ல வைப்பாங்க. அங்க தூக்கி இறக்குவாங்க. கேன்டீன்ல எல்லாரும் டம்ளரைக் கையில பிடிச்சிக்கிட்டு ஒதுங்கி வழி விடுவாங்க. எனக்கு வேண்டாம்."

"வழி விட்டா நல்லதுதானே."

"உன்னை ஒருநாள் தூக்கட்டும், அப்புறம் பேசு."

எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. காலையும் மாலையும் அவரைத் தூக்குகிறவர்கள் நானும் மாமியாரும்தான். தூக்குகிறவர்களுக்கும் ஒரு முதுகு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியார் கண்ணைக் காட்டினார். விழுங்கிக்கொண்டு சாதம் வடிக்கப் போனேன்.

இப்படி இருக்கும்போதுதான், தை மாதம், அவருடைய நண்பர் வந்தார். மலையாளி. இரண்டு பேரும் ஒன்றாக அப்ரன்டிஸாக இருந்தவர்கள். அவர் நாலைந்து வருடத்திலேயே வேலையை உதறிவிட்டு, நீலேஸ்வரம் பக்கத்தில் சொந்த ஊருக்குப் போய், எஞ்சின் வைத்த படகு ஒன்று வாங்கி ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். விபத்தைப் பற்றித் தாமதமாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வந்தவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லாமல், கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, தன் படகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"கடல்லயா ஓட்டறீங்க?" என்று மாமியார் பயந்துபோய்க் கேட்டார்.

"கடல் அல்ல அம்மா, காயல்." போர்வைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் கடல். நடுவில நீளமா ஒரு மண் திட்டு, நிறைய தெங்கு. இந்தப் பக்கம் காயல். கடல் அங்க சத்தம் போட்டுட்டே கிடக்கும். இங்க ஒரு அலை வராது. சின்னப் பிள்ளைகளை வச்சுட்டுகூடப் போகலாம்."

அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் திருப்பினார்.

"கியர் எப்படி?"

"கையில."

"ஆக்சிலேட்டர்?"

"அதும் கையில. நம்ம பைக் மாதிரி திருகணும்."

"பிரேக்?"

"பிரேக்கே இல்லடா. காலுக்கு அதில ஒரு ஜோலியும் இல்ல."

கணவர் என்னைக் கூப்பிட்டு, போன வருடக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தரச் சொன்னார். நண்பர் காபி குடித்து முடிப்பதற்குள் தாளின் பின்பக்கத்தில் கடலும் மண் திட்டும் காயலும் வந்துவிட்டன. எங்கே அகலம், எங்கே குறுகல், பாலம் எங்கே, மீன் வலைக்கு ஊன்றிய கம்புகள் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் அந்தக் காலண்டர் தாள்.

அன்றைக்குத் தொடங்கியது. நான் பாங்குக்குக் கிளம்புவதற்கு முன்பே அன்றைய வேலையைச் சொல்லிவிடுவார். பிரம்பு நாற்காலியின் கால்களை வெட்டி, படகுக்குள் தாழ்வாக உட்கார வைக்க வேண்டும். தெருமுனைத் தச்சரைக் கூட்டி வா. அவர் சரிந்துவிடாமல் இடுப்பில் கட்ட, மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டிய பெல்ட் பரண்மேல் இருக்கும். எடுத்துத் துடைத்து வை. லாரி டயர் ட்யூப் ஒன்று வேண்டும், படகு கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள. மெத்தைப் பஞ்சு எவ்வளவு கனம் இருந்தால் புண் வராது என்று டாக்டரிடம் கேட்டு வா. எல்லாவற்றையும் செய்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன்.

நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போவதும் என் வேலையானது. நண்பர் வீட்டில் போன் கிடையாது; ஜெட்டி என்று அவர்கள் சொல்லும் படகுத்துறைக்கு எதிரே இருந்த கடைக்குப் போன் போட்டால் கூப்பிட்டு விடுவார்கள். ஒரு முறை, கரைக்கும் படகுக்கும் உயரம் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று கேட்கச் சொல்லியிருந்தார். "தண்ணி இருந்தா சமம்தான். கட்டில்ல இருந்து கட்டிலுக்கு மாத்தற மாதிரி மாத்தலாம்" என்றார் நண்பர். அதை அப்படியே வந்து சொன்னேன். கணவர் படத்தில் ஜெட்டியையும் படகையும் ஒரே மட்டத்தில் வரைந்தார். தண்ணி இருந்தா என்ற சொல்லை நாங்கள் யாரும் சட்டை செய்யவில்லை. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் குக்கரஹள்ளி ஏரியும் கண்ணம்பாடி அணையும். அதெல்லாம் குறைய வேண்டுமானால் கோடை வர வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் பாங்கிலிருந்து திரும்பி வந்தபோது கேட்டிலேயே நின்றுவிட்டேன். உள்ளே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், கணவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கட்டில் கம்பியில் என் குடையைக் கட்டி, அதன் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். இடதுபக்கம் தள்ளினால் படகு வலதுபக்கம் திரும்பும் என்று நண்பர் சொல்லியிருந்ததைப் பழகிக்கொண்டிருந்தார். மாமியார் கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பாலம் வருது கண்ணு, தலையைக் குனி. கம்பு வருது பாரு, சோத்தாங்கைப் பக்கம் ஒடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் தப்பாகத் தள்ளிவிட்டார் போலிருக்கிறது. "போச்சு போ, என்னையத் தண்ணிக்குள்ள கவுத்துப்போட்ட. நானு மீன் வாங்கப் போற பொம்பளை, என்ற கூடையும் போச்சு" என்றார்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். பயந்தேன். ஒரு மனிதன் குடைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு சிரித்தால், அந்தச் சிரிப்புக்கு ஏதாவது ஆனால் அப்புறம் நான் என்ன செய்வேன் என்றுதான் தோன்றியது. செருப்பைச் சத்தமாகக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

நாள் பார்க்கிற பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டார். காலண்டர் முன்னால் நின்று ஒரே பார்வையில் முடித்துவிட்டார். உகாதிக்கு எனக்கு விடுமுறை. அதற்கு முந்தைய நாள் அமாவாசை. ஒரு நாள் லீவு போட்டால் இரண்டு நாள் கிடைக்கும்.

"நெறஞ்ச அமாவாசை, அம்மிணி. அன்னைக்குப் படகுல கால வெச்சா எந்தக் கொறையும் வராது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்களுக்கு அமாவாசை நல்ல நாள். வண்டி வாங்குவது, கடை திறப்பது, அஸ்திவாரம் போடுவது எல்லாம் அன்றைக்குத்தான். மைசூரில் மற்றவர்களுக்கோ அன்று வீட்டைவிட்டு வெளியூர் போவதே ஆகாது. என் அப்பா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, ஓர் அமாவாசையன்று புது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது, ரயில்வே காலனியே உச்சுக்கொட்டியதாம். நாங்கள் கிளம்புவதும் அவர்கள் வேண்டாம் என்பதும் இங்கே வழக்கமான பேச்சு. யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

மாடி வீட்டுக்காரம்மாவும் அதைத்தான் சொன்னார். படிக்கட்டில் பாதி இறங்கி வந்து, "அமாவாஸ்யே பேடாம்மா. உகாதி ஆகட்டும், அப்புறம் ஹோகி" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகக் கெஞ்சினார். சரி ஆன்ட்டி, சரி ஆன்ட்டி என்று தலையாட்டினோம். அவர் மேலே போனதும் மாமியார், "அவிங்களுக்கு அமாவாசைன்னாப் பேயும் பிசாசும். நமக்கென்ன?" என்றார்.

தேதியைச் சொல்ல நண்பருக்குப் போன் போட்டேன்.

"அமாவாசியா? வேண்டா, வேண்டா. அந்த நாள் நல்லதல்ல. நாலஞ்சு திவசம் கழிச்சு வாங்க."

எனக்கு அப்போது லீவு கிடைக்காது, ஆண்டுக் கணக்கு முடிக்கிற சமயம் என்றேன். அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "சரி, காலையிலேயே வந்து சேரணும், அதை மட்டும் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அவனும் நம்ம மாடி ஆன்ட்டி கட்சிதானா? எஞ்சின் ஓட்டறவன் பேய்க்குப் பயப்படறான் பாரும்மா."

மூன்று பேருமே சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் என்னை அருகில் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"அங்க என்னை ஒரு முறை தூக்கி வைப்பாங்க, ஒரு முறை இறக்குவாங்க. முன்னப்பின்ன தெரியாத ஊரு. அதைத் தாங்கிக்கிட்டேன்னா தினமும் வேன்ல ஏறிடலாம். உகாதிக்கு மறுநாள் சூப்பர்வைசரை வீட்டுக்கு வரச் சொல்லு. சரின்னு சொல்லிடறேன்."

அன்றைக்கே சூப்பர்வைசருக்குச் சொல்லி அனுப்பினேன்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே வாடகை வேன் வந்தது. டிரைவரும் நானும் சேர்ந்து சக்கர நாற்காலியை அந்தச் சரிவில் இறக்கினோம். கணவர் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இருந்தார். தெருவில் யாரும் இல்லை. வண்டி மடிக்கேரி தாண்டி மலை இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. நீலேஸ்வரம் பக்கத்து ஜெட்டியை அடைந்தபோது காயல் தளும்பிக்கொண்டிருந்தது. ஜெட்டியின் கல் விளிம்பைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு நனைத்தது. படகின் ஓரமும் கல்லும் ஒரே மட்டம், அவர் வரைந்திருந்ததைப் போலவே. நண்பரும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கால் வெட்டிய பிரம்பு நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணவர் என்னைப் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்பதுபோல இருந்தது.

நண்பர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு மணிக்குள்ள திரும்பி வந்திரணும். இன்னிக்குத் தண்ணி ரொம்ப இறங்கும்" என்றார்.

"எங்க இறங்கும்?" என்று நான் கேட்டேன்.

"கடலுக்கு. தினமும் ஏறும், இறங்கும். அமாவாசியும் பௌர்ணமியும் வந்தா ரொம்ப ஏறும், ரொம்ப இறங்கும். அதனாலதானே வேண்டான்னு போன்ல சொன்னேன்."

அப்போதுதான் அவர் பேயைப் பற்றிச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. கடற்கரையில் பிறந்தவர், இதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கை ஏற்கெனவே எஞ்சின் பிடியின்மேல் இருந்தது. இந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பியதும் அவர்தான். முதலில் படகு தடுமாறி வலைக் கம்புகளுக்குப் பக்கத்தில் போனது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவர் கை பழகிவிட்டது. நேர்க்கோடு பிடித்ததுபோல் படகு போனது. வலப்பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் போன தண்ணீரில் சலனமே இல்லை. எதிரே வந்த படகுக்காரர் ஒருவர் என் கணவருக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். படகு ஓட்டுகிறவனுக்கு இன்னொரு படகு ஓட்டுகிறவன் காட்டுகிற சாதாரண வணக்கம். கணவரும் கையைத் தூக்கினார். அவருடைய இடுப்புக்குமேல் இருந்த பாகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கட்டங்கட்டமான சட்டை, காற்றில் கலைந்த தலைமுடி, எஞ்சின் பிடியில் ஒரு கை. கல்யாணமான புதிதில் நான் பின்னால் உட்கார்ந்து போன மனிதர் அவர்தான். எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெயில் என்று சொன்னேன்.

திரும்பலாம் என்று நண்பர் சொன்னார். அந்தப் பாலம் வரைக்கும் போகலாம் என்றார் கணவர். பாலம் வந்தது. அதற்கப்புறம் இருந்த வளைவு வரைக்கும் என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மகன் வாயில் ஒரு கவளம் ஊட்டினார்; அவர் கையை எஞ்சினிலிருந்து எடுக்காமலேயே தின்றார். இன்னொரு தரம் சொல்ல நண்பருக்கும் மனசு வரவில்லை. படகைத் திருப்பியபோது மத்தியானம் நன்றாகச் சாய்ந்துவிட்டது.

திரும்பி வருகிற வழியில் காயல் வேறு இடமாக மாறியிருந்தது. இரண்டு கரையிலும் கறுப்பாகச் சேறு தெரிந்தது. காலையில் தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரிந்த கம்புகள் இப்போது ஆள் உயரத்துக்கு நின்றன. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஜெட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்ததும் எஞ்சின் சேற்றில் இடித்து நின்றது. நண்பர் அதைத் தூக்கி வைத்துவிட்டு மூங்கிலை ஊன்றித் தள்ளினார். கல்லெறி தூரத்தில் படகு அடியோடு உட்கார்ந்துவிட்டது. ஜெட்டியின் தூண்கள் அடிவரை தெரிந்தன. காலையில் கையால் தொட்ட கல் விளிம்பு இப்போது தலைக்குமேல் இருந்தது.

"இனி ராத்திரிதான் தண்ணி ஏறும்" என்றார் நண்பர்.

"நான் இருக்கேன்," என்றார் கணவர் உடனே. "நீங்க எல்லாரும் போங்க. தண்ணி வர்ற வரைக்கும் நான் படகுலயே இருக்கேன்."

விடியற்காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்தவர். புண் வந்தால் மாதக் கணக்கில் ஆறாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பை நிரம்பிவிட்டது. நீங்கள் சொல்கிறபடி இருக்க முடியாது என்றேன். இருப்பேன் என்றார். மாமியார் அழத் தொடங்கினார். அந்த அழுகை கரைவரைக்கும் கேட்டிருக்க வேண்டும். நண்பர் கூப்பிடுவதற்கு முன்பே, டீக்கடையிலிருந்து சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்கள்.

"வேண்டாம்னு சொல்லு," என்றார் என்னிடம். "அவங்களைப் போகச் சொல்லு."

நான் சொல்லவில்லை. யார் சொல்லியிருந்தாலும் அவர்கள் நின்றிருக்க மாட்டார்கள். நான்கு பேர் அவரைத் தூக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்வரை சேறு இழுத்தது. ஜெட்டியில் படகுக்காகக் காத்திருந்த பெண்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், மீன் கூடைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதி வழியில் முன்னால் பிடித்திருந்தவருக்குக் கால் வழுக்கியது. என் கணவர் மல்லாக்கச் சேற்றில் விழுந்தார். லுங்கி அவிழ்ந்து சேற்றோடு போனது. குழாய் பிடுங்கிக்கொண்டு, பை அவர் வயிற்றின்மேலேயே கொட்டியது. அவர்களில் ஒருவர் தன் தோளில் கிடந்த துண்டை உருவி அவர் இடுப்பை மூடினார். கரையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அவரை மறுபடியும் தூக்கி மேலே கொண்டு வந்தபோது, ஜெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

நண்பர் வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். மாமியாரும் நானும் அவரைக் கழுவினோம். குழாயை மாற்றினேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. மறுநாள் மைசூர் வந்து சேரும்வரை கண்ணை மூடியேதான் கிடந்தார். வீட்டில் கட்டிலில் போட்டபோது அவர் காதுக்குப் பின்னால் சேறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று உகாதி. மாடி வீட்டுக்காரம்மா வேப்பம்பூவும் வெல்லமும் கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். எனக்கு எல்லார்மேலும் கோபம். நாள் பார்த்த மாமியார்மேல் கோபம். காரணத்தைச் சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொன்ன நண்பர்மேல் கோபம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டவர்மேல் கோபம். மாமியார் அடுப்பங்கரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் சண்டை போடலாம் என்று போனேன். அவர் மடியில் சேறு காய்ந்த மகனின் சட்டை கிடந்ததைப் பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சூப்பர்வைசரை வரச் சொல்லியிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். கணவர் மறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "தூங்கறேன்னு சொல்லு" என்றார். சேற்றில் விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வெளியே வந்து, அவர் தூங்குகிறார் என்றேன். பரவாயில்லை, எழுந்திருக்கட்டும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் கூடத்தில் உட்கார்ந்தார். நல்ல செய்தி கேட்க வந்த முகம். ஸ்டோர்ஸில் மேசையை ஜன்னல் பக்கமாக மாற்றிப் போட்டிருப்பதாகவும், சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்கு அலமாரிகளைத் தள்ளி வைத்திருப்பதாகவும் சொன்னார். காபி கொடுத்தேன். காபி ஆறியது. அப்போது உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்தது. தூங்குகிறவனின் இருமல் அல்ல. இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் போனவனின் இருமல். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்ததும் சொல்லுங்கள் என்று சொல்லிக் கிளம்பினார்.

நான் உள்ளே போய்க் கத்தினேன். மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அந்த மனுஷன் மேசையெல்லாம் போட்டு வச்சிட்டு வந்திருக்கார். நான் நின்னு பொய் சொல்றேன். எத்தனை நாளைக்குச் சொல்லணும் இதை?"

அவர் திரும்பவில்லை.

"யார் வந்தாலும் சொல்லு" என்றார்.

அந்த மாதக் கடைசியில், ஸ்டோர்ஸுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்று சொல்லத் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்தார். அடுத்த மாதம் நண்பர் ஊரிலிருந்து வந்து வாசலிலேயே வெகுநேரம் நின்றார். இரண்டு பேரிடமும், அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், அவர் தூங்குகிறார் என்றுதான் நான் சொன்னேன்.